கல்யாணம் ஆன நாளிலிருந்து

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் போய்விட்டு வந்தார். நலவாழ்வு மையமாம். ஒரு மணி நேரம் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் சூடான துணியைப் போட்டு, மூச்சை மெதுவாக விடச் சொல்வதற்கு என் இரண்டு நாள் சம்பளம். மூச்சு விடுவதற்குக் காசு வாங்குகிற இடத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

"இன்சூரன்ஸ் எதுக்குக் கட்டுறோம்? சம்பளம் வந்ததும் முதல்ல அதுக்குத்தானே எடுத்து வைக்கிறேன்? முதுகு வலிச்சா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன்.

"அங்க டாக்டர் கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே மாத்திரை எழுதுறார். நான் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மையத்துல இருக்குற இந்த அம்மா உக்காந்து கேக்குறாங்க."

"என்ன கேக்குறாங்க?"

"எப்படித் தூங்குறீங்க, எந்தப் பக்கம் திரும்பினா வலிக்குது, என்னைக்கு ஆரம்பிச்சுது... எல்லாந்தான்."

"அதை நான் காசு வாங்காமயே கேப்பேனே."

சிரித்தார். நான் கேட்டதே இல்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. சரி, கேட்டால் மட்டும் சொல்லிவிடப் போகிறாரா?

மார்ச் 9, ஞாயிறு

பெரியம்மா மகன் வந்திருந்தார். எங்களுக்கு இந்த இன்சூரன்ஸை எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் அண்ணன். வந்தால் டீ குடிக்காமல் போகமாட்டார், டீ குடித்தால் புதுப் பாலிசி ஒன்றைப் பற்றிப் பேசாமல் போகமாட்டார்.

பாப்பா அப்பாவின் முதுகில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதாகிறது, கனமாகிவிட்டாள், ஆனால் இவருக்கு அதுதான் சுகம். அண்ணன் கேட்டார், "என்ன மாப்ள, எத்தனை நாளா இந்த முதுகு வலி?"

இவர் வழக்கமான பதிலைச் சொன்னார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் என் பங்கைச் சொன்னேன். "எனக்குத் தலைவலி. அதே நாள்லேர்ந்து."

பதினோரு வருடமாக யார் வந்தாலும் இந்த இரண்டு வசனமும் உண்டு. பாப்பாவுக்கே மனப்பாடம். சில நேரம் எங்களை முந்திக்கொண்டு அவளே சொல்லிவிடுவாள்.

கிளம்பும்போது அண்ணன் படுக்கையறைக் கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சரிசெய்தவர், "இது ஏன் கோணலா இருக்கு?" என்றார். அதைத்தான் நானும் கேட்கிறேன். இவருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஜன்னல், அலமாரி, கடை முகப்பு என்று ஊர் முழுக்கக் கண்ணாடி அறுத்துப் பொருத்துகிறவர். எல்லாம் நேராக நிற்கின்றன. எங்கள் வீட்டில் மட்டும், கல்யாணமான புதிதில் எனக்கென்று அவரே கொண்டுவந்து மாட்டிய ஆளுயரக் கண்ணாடி வலது பக்கம் ஒரு விரல் இறங்கி நிற்கிறது. கழற்றி மாட்டச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. கழுத்தைச் சாய்த்துத் தலைவாரப் பழகிவிட்டேன். அண்ணனிடமும் சொல்லிச் சிரித்தேன். இவரும் சிரித்தார்.

மார்ச் 18, செவ்வாய்

பாப்பாவின் பள்ளிக்கூடக் கட்டணமும் பிரீமியமும் ஒரே மாதத்தில் வந்து நிற்கின்றன. கையைக் கடிக்கிறது.

"மையமா, இன்சூரன்ஸா? ரெண்டுல ஒண்ணுதான் முடியும். நாலு வருஷம் கட்டினதை விட முடியாது. முதுகைத் தடவிவிடுறதுக்குத் தண்டச் செலவு பண்ண இங்க யாரும் கொட்டி வைக்கல" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான்.

"சரி" என்றார்.

இவரோடு சண்டை போடுவதில் இதுதான் கஷ்டம். நான் வரிந்துகட்டி எழுந்து நிற்பதற்குள் எதிராளி உட்கார்ந்துவிடுவார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வேலை முடிந்து நேராக வந்துவிட்டார். போவதற்கு வேறு இடமில்லாதவர் மாதிரி பால்கனியில் நின்றார்.

ஏப்ரல் 28, திங்கள்

இன்று ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார்.

பாப்பாதான் முதலில் பார்த்தாள். "அப்பா, இன்னொண்ணு எங்க?" குனிந்து தன் காலைப் பார்த்தார். வலது காலில் செருப்பு இல்லை. வெறுங்காலில் நடந்து வந்தது அவருக்குத் தெரியவே இல்லை. பாப்பா ஓடிப்போய்த் தெருமுனையிலிருந்து எடுத்துவந்தாள், அவளுக்கு ஒரே சிரிப்பு.

வலது பாதத்தில் நகத்தால் கிள்ளினேன். "கிள்ளுறியா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார், காலால் இல்லை.

பயமாக இருக்கிறது.

மே 8, வியாழன்

ஸ்கேன் பார்த்தாயிற்று. முதுகெலும்பில் தட்டு விலகி நரம்பை நசுக்குகிறதாம். அறுவை செய்தாக வேண்டும். டாக்டர் நல்ல மாதிரி, ஆனால் நேரமில்லை அவருக்கு. "வலி வேற விஷயம், அதைத் தாங்கலாம். பாதம் மரத்துப்போறது அப்படியில்ல. தள்ளிப்போடாதீங்க" என்று எழுந்துகொண்டே சொன்னார்.

இன்சூரன்ஸ் கம்பெனி முன்கூட்டி அனுமதி தந்தால் போதும், ஒரு காசு கட்ட வேண்டாம். விண்ணப்பத்தோடு பழைய மருத்துவப் பேப்பர்கள் எல்லாம் வேண்டுமென்றார்கள். அதில் என்னை யாரும் அசைக்க முடியாது. குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் நாள் முழுக்க "எழுத்துல குடுங்க, ஆதாரம் வைங்க" என்று சொல்கிறவள் நான். ஸ்கேன், மாத்திரைச் சீட்டுகள், அந்த மையத்துத் தாள்கள் உட்பட ஒன்று விடாமல் தேதிவாரியாக அடுக்கி நாடா போட்டுக் கட்டினேன். ஆஸ்பத்திரி மேசையில் இருந்த பெண், "இவ்ளோ ஒழுங்கா யாரும் கொண்டுவந்ததில்ல மேடம்" என்றாள்.

வரும் வழியில் இவரிடம் சொன்னேன், "பாத்தீங்களா? இதுக்குத்தான் கட்டுறது." தலையாட்டினார். நாலு வருடத்தில் முதல் தடவையாக, சாய்ந்துகொள்ள ஒரு சுவர் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தது.

மே 15, வியாழன்

மறுத்துவிட்டார்கள்.

பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய், அது மறைக்கப்பட்டது, ஆகவே அனுமதி இல்லை. ஆதாரம், நலவாழ்வு மையத்தின் முதல் நாள் தாள். "முதுகுவலி. எப்போதிலிருந்து: கல்யாணம் ஆன நாளிலிருந்து. பதினோரு வருடம்."

படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது, நிஜமாகவே.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "அந்தத் தாளை எல்லாம் யாரு உன்ன வைக்கச் சொன்னது?" என்று கத்தினார்.

"ஆதாரம் முழுசா இருக்க வேணாமா?"

"ஆதாரந்தான். அவங்களுக்கு."

கைக்காசு போட்டுச் செய்தால் என் மூன்று வருடச் சம்பளம். கேட்பதற்கு ஆள் இல்லை, விற்பதற்குப் பொருள் இல்லை. மேல்முறையீடு செய்யலாம் என்கிறார் அண்ணன். அது விளையாட்டாகச் சொன்னது என்று மையத்திலிருந்து எழுதி வாங்க வேண்டும், இவரும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "சும்மா ஒரு ஜோக்கை எழுதி வச்சிருக்காளே அந்தம்மா, மூளை வேணாம்?"

அதானே! காசையும் வாங்கிட்டு, குடும்பத்தையும் கவுத்துட்டா. நாளைக்கே போய் நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்.

மே 16, வெள்ளி

விடுப்புத் தரவில்லை. மையத்துக்குப் போக முடியவில்லை.

அலுவலகத்தில் ஒரு பெரியவர், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார். "எப்பலேர்ந்து வரல?" என்றேன். "நான் பொறந்ததுலேர்ந்தே வரலம்மா" என்றார் கடுப்பில். எழுதப்போன கை அப்படியே நின்றுவிட்டது. "சரியா சொல்லுங்க ஐயா" என்றேன். என் குரலைக் கேட்டு அவரே பயந்துபோய் மூன்று நாள் என்றார்.

மே 20, செவ்வாய்

போனேன்.

ஒரு மாடிப்படி, ஒரு கதவு, உள்ளே வெள்ளைச் சுவர். பெரிய இடமாக இருக்கும், கொள்ளையடித்த பணத்தில் பளபளக்கும் என்று நினைத்திருந்தேன். இரண்டு நாற்காலி, ஒரு கட்டில், மடித்து வைத்த துண்டுகள். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். தண்ணீர் கொடுத்தார். சண்டைக்கு வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் எப்படி ஆரம்பிப்பது?

ஆனாலும் ஆரம்பித்தேன். "அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுங்க. எங்க வீட்டுக்கு வர்ற எல்லாருக்கும் தெரியும். என் பொண்ணுக்குக்கூடத் தெரியும். அதைப் போய் எழுதி வச்சிருக்கீங்களே?"

முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. இவர் ஏன் இங்கே வந்தார் என்று அந்த நிமிடத்தில் புரிந்தது, அதுவே எரிச்சலாகவும் இருந்தது.

"விளையாட்டாச் சொன்னதுன்னு எழுதித் தரேன். அவருக்கு ஆபரேஷன் நடக்கணும், அதான் முக்கியம்" என்றார். உட்கார்ந்து எழுதினார். முத்திரை வைத்தார். தாளைக் கையில் கொடுக்கும் முன் கொஞ்சம் தயங்கினார்.

"ஆனா, அவர் அதைச் சொல்லும்போது சிரிக்கலைங்க."

"என்ன?"

"என்னைக்கு ஆரம்பிச்சுதுன்னு கேட்டேன். நீங்க சிரிக்க மாட்டீங்களேன்னு கேட்டுட்டுத்தான் சொன்னார்."

தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நன்றி சொன்னேனா? ஞாபகமில்லை.

மே 21, புதன்

காலையில் தலைவாரிக்கொண்டிருந்தேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து, மரத்த காலைக் கையால் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாகவே கேட்டேன். முகம் பார்த்துக் கேட்கத் தைரியமில்லை.

"உண்மையைச் சொல்லுங்க. எப்ப வந்துச்சு இந்த வலி?"

"அதான் எழுதியிருக்கே."

"அது ஜோக்குதானே?"

என் முன்னால் இருந்த கண்ணாடியைக் காட்டினார்.

கல்யாணத்தன்று சாயங்காலம் அவர் திடீரென்று காணாமல் போனதும், மாப்பிள்ளை எங்கே என்று எல்லோரும் தேடியதும், ஆளுயரக் கண்ணாடியோடு அவர் வாசலில் வந்து நின்றதும் எனக்கு நினைவிருக்கிறது. கடையில் அவரே அறுத்து, ஓரம் தேய்த்து வைத்திருந்தாராம். தூக்க வருகிறேன் என்ற ஆள் வரவில்லை. லிஃப்ட்டில் அது நுழையவில்லை. தனியாக நாலு மாடி ஏறியிருக்கிறார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் முதுகுக்குள் ஏதோ சடக்கென்று பிடித்துக்கொண்டது.

"கீழ வச்சிருக்கலாமே?"

"கண்ணாடியைத் தனியாத் தூக்கினா நடுவுல இறக்க முடியாது. மூலை தட்டிடும்."

"மாட்டும்போதாவது..."

"முதுகு பிடிச்சதுல வலது கை மேல எழும்பல. அதான் கோணல்."

பதினோரு வருடம் அந்தக் கோணலைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"ஏங்க அன்னைக்கே சொல்லல?"

"நீ அது முன்னாடி நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்த. எப்படிச் சொல்றது? அப்புறம் யாராவது கேட்டா சொல்வேன். எல்லாரும் சிரிப்பாங்க. சரின்னு நானும் சிரிச்சுடுவேன்."

"பாலிசி எடுக்கும்போது அண்ணன் கேட்டாரே, ஏதாவது நோய் இருக்கான்னு?"

"அப்பவும் இதையேதான் சொன்னேன். அவரும் சிரிச்சுட்டு, 'இல்லை'ன்னு எழுதிக்கிட்டார். நீயும் பக்கத்துலதான் இருந்த."

இருந்தேன். தலைவலி என்று என் வசனத்தையும் சொல்லியிருப்பேன்.

அவர் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். நம்பி எழுதிக்கொண்டது ஒரே ஒரு ஆள்தான், அதுவும் காசு கொடுத்த இடத்தில்.

மே 24, சனி

அண்ணன் வந்தார். நடந்ததைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "இதை அப்படியே எழுதினா எனக்கு ஏஜென்ட் வேலை போயிடும். உங்களுக்கும் பணம் வராது. பழைய நோய்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார். மிரட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். எனக்கும் அது தெரியும்.

பாதம் இன்று இன்னும் மோசம். நடக்கும்போது விரல் தரையைத் தேய்க்கிறது. வீடெல்லாம் அந்தச் சத்தம்தான்.

மே 25, ஞாயிறு

மேல்முறையீட்டை நானே எழுதினேன். "என் கணவர் வேடிக்கையாகக் கூறிய ஒரு சொல், மருத்துவத் தகவலாகத் தவறுதலாகப் பதிவாகிவிட்டது. குடும்பத்திலும் உறவினரிடையேயும் அவர் வழக்கமாகச் சொல்லும் நகைச்சுவை அது." நான் எழுதியதிலேயே நல்ல மனு இதுதான். சாட்சிக்கு அண்ணன் கையெழுத்து, மையத்துத் தாள், எல்லாம் வைத்தாயிற்று.

இவரிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

"அந்தம்மா ஒருத்தங்ககிட்டதான் இதைச் சிரிக்காம சொல்ல முடிஞ்சுது. அதையும் விளையாட்டுன்னு நானே எழுதித் தரணுமா?"

"கால் வேணுமா வேணாமா?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வேற எப்படிக் கேக்குறது? எனக்கு மட்டும் ஆசையா? பணம் எங்க இருக்கு? யார் தருவா? சொல்லுங்க, யார் தருவா?

"சரி" என்றார். போட்டுவிட்டார்.

ஜூன் 2, திங்கள்

பதில் இல்லை.

ஜூன் 9, திங்கள்

பதில் இல்லை. போன் செய்தால் பாட்டு ஓடுகிறது. எங்கள் அலுவலகத்துப் போனிலும் அதே மாதிரி ஒரு பாட்டுதான் ஓடும்.

ஜூன் 13, வெள்ளி

அனுமதி வந்துவிட்டது. "விளக்கம் ஏற்கப்பட்டது." அண்ணன் போனில் குதிக்கிறார். பாப்பா அப்பாவைக் கட்டிக்கொண்டாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நிம்மதியா என்னவென்று தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

அறுவை முடிந்தது. நல்லபடியாக. ஒரு காசு வாங்கவில்லை.

டாக்டர் வெளியே வந்து சொன்னார், "நரம்பு ரொம்ப நாள் நசுங்கி இருந்திருக்கு. வலி போயிடும். பாதம் எழும்புமான்னு பாக்கணும். ஒரு மாசம் முன்னாடி பண்ணியிருந்தா உறுதியாச் சொல்லியிருப்பேன்."

ஒரு மாதம் முன்பு நான் நாடா போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 12, சனி

பாதம் எழும்பவில்லை. பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்கிறார். கடை முதலாளி விரட்டிவிடவில்லை, பில் போடுகிற மேசையில் உட்கார வைத்திருக்கிறார். கண்ணாடி தூக்கக் கூடாது.

ஜூலை 19, சனி

வேலையிலிருந்து வந்து பார்த்தால் படுக்கையறைக் கண்ணாடி நேராக இருக்கிறது. கடையிலிருந்து ஒரு ஆளை வரவழைத்து மாட்டச் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நன்றாக மாட்டியிருக்கிறான், மயிரிழை பிசகவில்லை.

நான் இன்னும் கழுத்தைச் சாய்த்துத்தான் வாருகிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

அண்ணன் வந்திருந்தார். டீ குடித்தார், பாலிசி எதுவும் பேசவில்லை. "முதுகு எப்படி மாப்ள?" என்றார்.

"ஒண்ணுமில்ல, நல்லா இருக்கு."

"அதான் பாரேன், எத்தனை நாள் வலி..." என்று அண்ணன் ஆரம்பித்ததும், தன் முறை வந்துவிட்டதென்று பாப்பா துள்ளி எழுந்து கத்தினாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து!"

யாரும் சிரிக்கவில்லை. அவள் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது விளையாட்டுக்குச் சொல்றது பாப்பா" என்றார் இவர்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இவர் எது கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்கிறார். சாப்பாடு போதுமா? ஒண்ணுமில்ல. கடையில் என்ன நடந்தது? ஒண்ணுமில்ல. கோபமா என்று கேட்டேன். அதற்கும் அதே.

கோபமில்லை என்பதுதான் உண்மை. இருந்தால் நன்றாக இருக்கும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அந்த மையத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். அவர் அறுவைக்குப் போனது போலவே, சொன்ன பேச்சைத் தட்டாமல் வந்தார். படி ஏறும்போது பட்டை ஒவ்வொரு படியிலும் இடித்தது. வாசலில், "எதுக்கு இந்தத் தண்டச் செலவு?" என்றார். என் வார்த்தையேதான். குத்திக்காட்டச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்.

இதற்கெல்லாம் இன்சூரன்ஸ் தராது. கைக்காசுதான். என் இரண்டு நாள் சம்பளத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே சத்தமே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து இவர் வந்து, என்னைக் கடந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கப் போனார். அந்த அம்மா கதவருகே நின்று தணிந்த குரலில் சொன்னார்.

"படுத்திருந்தார். ஒண்ணும் பேசல. நான் எதையும் எழுதிக்க மாட்டேன்னு சொன்னேங்க, பேனாகூடக் கையில இல்லன்னு காட்டினேன். அப்பவும் பேசல."

கீழே, பட்டை படியில் இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த செவ்வாய்க்கும் பணம் கட்டிவிட்டு இறங்கினேன்.